மலர்வளையத்துக்கு ஒரு பெயர்

தம்பி பைக் விபத்தில் போய்விட்டான் என்று டொமினிகன் குடியரசிலிருந்து அம்மா போனில் கதறியதும், ராதமேஸ் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அந்த அமெரிக்க பேஸ்பால் அணியில் அவனுக்கு ஸ்பானிஷில் பேச எல்வின் ஒருவன்தான். மேனேஜர் சொன்னதை அவன்தான் வந்து சொன்னான். "டிக்கெட் போட்டுத் தர்றாராம். உடனே கிளம்புடா."

"நான் போகல. இன்னிக்கு ஆட்டத்துல பந்து வீசணும்."

"கூடப் பிறந்தவன்டா! உனக்கென்ன கல் நெஞ்சா?"

ராதமேஸ் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

மேனேஜரே வந்து அவன் தோளைத் தொட்டார். "மலர்வளையமாவது அனுப்புறோம். தம்பி பேர் என்ன?"

எல்வின் ஸ்பானிஷில் கேட்டான்.

"ஃபாவியோ" என்றான் ராதமேஸ், தலையை நிமிர்த்தாமல். மேனேஜர் குறித்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் ராதமேஸ் உடைந்து அழுதான். "எல்வின்... அது என் பேர்டா."

"என்னடா உளர்றே?"

"வயசு கூடிப்போச்சுன்னு என்னை ஒருத்தனும் எடுக்கல. தம்பியோட பிறப்புச் சான்றிதழைக் காட்டி பாஸ்போர்ட் எடுத்துத்தான் வந்தேன். ராதமேஸ் அவன்தான்."

எல்வின் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு அந்தப் பேர்லயே அவனைப் புதைக்கிறாங்க. செத்தவன் பாஸ்போர்ட்ல நான் எப்படிடா போயிட்டுத் திரும்பி வர்றது?"