வீடும் அவளுக்கே

"விவாகரத்துக்கு எவ்ளோம்மா ஆகும்?" என்று கேட்டார் வழுக்கைத் தலைப் பெரியவர்.

வக்கீலம்மா விரல் மடக்கினாள். "என் ஃபீஸ், கோர்ட்டுச் செலவு, அப்புறம் மாசாமாசம் ஜீவனாம்சம்."

"குடுத்துடறேன்."

"வீட்டுல பங்கு கேப்பாங்க."

"முழுசாவே அவ பேருக்கு எழுதிடுங்க."

பேரம் பேசாத கட்சிக்காரரை அவள் பார்த்ததே இல்லை. "இந்த வயசுல அப்படி என்னய்யா சண்டை?"

"சண்டையெல்லாம் இல்லம்மா. அவளுக்கு ஞாபகம் போயிடுச்சு. 'யாரோ கிழவன்கிட்ட மாட்டிக்கிட்டேன், அத்துவிடுங்க, என் வீட்டுக்காரர்கிட்ட போகணும்'னு தினமும் அழறா."

வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு முன்னாடியே அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்துதா?"

பெரியவர் பர்ஸிலிருந்து மங்கிய போட்டோ ஒன்றை எடுத்து நீட்டினார். சுருட்டை முடியும் அரும்பு மீசையுமாக ஓர் இளைஞன் சிரித்தான்.

"இவன்கிட்டதான் போகணுமாம்," என்று தலையைத் தடவிக்கொண்டார். "எங்க கல்யாணத்தன்னிக்கு எடுத்தது."