அரைப் பக்கம்

ஜன்னலுக்கு வெளியே மழை ஓயாமல் கொட்டுகிறது. அணையில் விரிசல் என்று பதினோரு பக்கம் எழுதிக்கொண்டு ஓடிவந்திருக்கும் பொறியாளரை, தலைவரின் உதவியாளர் ஏற இறங்கப் பார்க்கிறார். "ஐயா அரைப் பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாரு சார். படம்னா பார்ப்பாரு."

"நாற்பது ஊரைக் காலி பண்ணணும். அவர் கையெழுத்து இல்லாம முடியாதே!"

"அதான் சொல்றேன், வரைங்க."

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பொறியாளர் பென்சிலை எடுக்கிறார். அணையை வரைந்து, அடியில் வீடு வரையும்போது அவசரத்தில் தாள் நகர்ந்து கோடு கோணுகிறது. டைப் அடிக்கிற அம்மாள் எழுந்து வந்து, தாள் நகராமல் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். "பதறாதீங்க தம்பி. கடவுள் கண் திறப்பார்."

"அவர் திறந்து என்னம்மா, இவரில்ல திறக்கணும்!"

உள்ளே மணி அடிக்கிறது. உதவியாளர் தாளை உருவிக்கொண்டு போகிறார். நாற்பது ஊருக்கு அதில் மூன்று வீடுகள்தான் இருக்கின்றன.