முன்னால் போகும் புள்ளி

“ஏங்க, மறுபடியும் நின்னுட்டா!”

அம்மா போனை அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். மலைப்பாதை வளைவில் கார் ஓட்டுகிறவரின் மூக்குக்கு முன்னால் எதையும் நீட்டக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் திரையில் நீலப் புள்ளி அசையாமல் நின்றிருந்தது. அந்தப் புள்ளிதான் மகள்.

சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, காட்டு மலையையும் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் தனியாகச் சுற்றி வரக் கிளம்பியிருந்தாள் அவள். எட்டு மாதத்துக்கு முன்புதான் நுரையீரலில் ஆபரேஷன். “இனிமே நீ மலையே ஏறலாம்” என்று டாக்டர் பேச்சுக்குச் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். யாரும் பின்னால் வரக் கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

லொகேஷனை அண்ணனுக்கு மட்டும்தான் அனுப்பினாள். அண்ணனிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். ஐந்து நிமிடத்தில் அது அம்மாவின் போனுக்கு வந்துவிட்டது. பெற்றவர்கள் தங்கள் பழைய பச்சைக் காரில், அவளுக்கு இரண்டு வளைவு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். டிக்கியில் கயிறும் இருந்தது. வேண்டியிருந்தால் சைக்கிளைக் கார் மேல் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பது அம்மாவின் யோசனை.

“காலையிலேர்ந்து இது நாலாவது தடவை. மணிக்கு ஒரு தரம் நின்னுடறா. மூச்சு வாங்குதோ என்னவோ!”

“தண்ணி குடிக்க நிப்பா. சைக்கிள்காரங்க எல்லாரும் நிக்கறதுதான்.”

“இருபது நிமிஷமாவா? தண்ணி குடிக்கிறாளா, கிணறு தோண்டுறாளா?”

அப்பாவின் அவசரம் வேறு. சர்க்கரை வியாதிக்காரர், மணிக்கொரு தரம் ஒதுங்கியாக வேண்டும். நல்ல வேளையாக வளைவைத் தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. காரை ஓரங்கட்டிவிட்டு ஓடினார். திரும்பி வந்ததும் அம்மா இரண்டு பிஸ்கட்டையும் ஒரு மாத்திரையையும் நீட்டினாள். கண் மட்டும் போனிலேயே இருந்தது.

அப்பா சாவியைத் திருப்பினார். கார் இருமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

“மெதுவா எடுக்கக் கூடாதா? அவ காதுல விழுந்துடப் போகுது.”

“அவ எங்கேயோ இருக்கா. அவளுக்கு எப்படிடி கேக்கும்?”

“அப்பாடா, நகர்ந்துட்டா!” என்றாள் அம்மா.

நிம்மதி பாலம் வரைக்கும்தான். மரங்கள் அடர்ந்த இறக்கத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அம்மா திடீரென்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஐயையோ, புள்ளி ஆத்துக்குள்ள இருக்குங்க!”

பாலத்தில் காரை நிறுத்தி இருவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். பாறைகளைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடியது. வேறெதுவும் இல்லை. அம்மாவுக்கு அழுகை முட்டியது. இரண்டு நிமிடம் கழித்துப் புள்ளி ஆற்றைவிட்டு ஏறி, அக்கரையில் ஒரு விடுதியில் போய் நின்றது.

“போதும்” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “போன் பண்ணிடறேன். உன்னால முடியலைன்னா அங்கேயே இருடி, நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்றேன். அரை மணி கழிச்சு வீட்டுலேர்ந்து வர்ற மாதிரி போய் நிப்போம்.”

“வீடு இருநூறு கிலோமீட்டர். அரை மணியில பறந்தா வந்தோம்?”

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அதற்கு மேல் ஒளிவு மறைவெல்லாம் எங்கே? காரை நேராக விடுதி வாசலுக்கே விட்டார் அப்பா. அம்மா கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே ஓடினாள்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அவளைக் கண்டதும் எழுந்தாள்.

“வாங்கம்மா. பாலத்துல கார் சத்தம் கேட்டப்பவே சாவியை எடுத்து வெச்சுட்டேன்.”

“சைக்கிள்ல வந்த பொண்ணு எங்கே? அவளுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையே. போனை இங்கே சார்ஜ்ல போட்டுட்டு ஆத்துல நீந்தப் போயிருக்காங்க. இந்தாங்க உங்க ரூம் சாவி. கீழ்த்தளம், பாத்ரூம் ஒட்டியே இருக்கு. ஐயாவுக்கு எட்டு மணிக்குள்ள சாப்பாடு வந்துடும், சர்க்கரை போட மாட்டோம்.”

“நாங்க ரூம் எதுவும் கேக்கலையேம்மா” என்றார் பின்னால் வந்த அப்பா, மூச்சு வாங்கியபடி.

“உங்க பொண்ணு போன வாரமே சொல்லி வெச்சுட்டாங்க. தனியா வந்தா ரெண்டு நாள் வழிதானாம். நீங்க பின்னால வருவீங்கன்னு நாலு நாளா ஆக்கிக்கிட்டாங்களாம்.”

சாவியோடு ஒரு மடித்த தாளும் இருந்தது. அம்மா பிரித்தாள். அன்றைக்கு மகள் நின்ற நான்கு இடங்களும் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, “ரெண்டு வளைவு பின்னால அப்பாவுக்குப் பாத்ரூம் உண்டு. கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் புறப்படணும்” என்று அவள் கையெழுத்து.

அதற்குக் கீழே அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்: “அம்மா, நாளைக்குப் பதினாலு வளைவு, எல்லாமே செங்குத்து ஏத்தம். உங்களால முடியலைன்னா இங்கேயே இருங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”