சாய்ந்த கோபுரத்துக்கு ஓர் அட்டை

பைசா நகரத்திலிருந்து வந்த குட்டிச் சாய்ந்த கோபுரம், ஷோகேஸில் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் நின்றது. தூசி தட்ட வந்த வீட்டுக்கார அம்மாள், "ஐயோ, விழுந்துடப்போகுதே!" என்று ஊதுபத்தி அட்டையை மடித்து அடியில் செருகி, அதை நிமிர்த்திவிட்டுப் போனாள்.

கோபுரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்க ஊர்க் கடையிலேருந்து தினமும் பார்ப்பேன். எங்க பெரிய கோபுரம் சாய்ஞ்சு நிக்கிற அழகுக்கே கூட்டம் அலைமோதும். தாங்கிப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டி, ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்குவாங்க."

"அப்புறம்?" என்றது பொம்மை.

"அப்புறமென்ன, போயிடுவாங்க."

எதற்கெடுத்தாலும் தலையாட்டும் பொம்மை இதற்கு ஆட்டவில்லை.

கோபுரம் மெல்லக் கீழே பார்த்தது. அந்த அம்மாள் செருகிய அட்டை செருகினபடியே இருந்தது. அதில் இன்னும் மல்லிகை வாசம் அடித்தது.