வெர்மாஸ் சைக்கிள் ஆலையின் மானம்

அன்று பிரஸ்ஸல்ஸ் விசாரணை அறையில் இருந்தவர்கள்: விசாரணை அதிகாரி, நான், என் மகன் வன்னஸ், எங்கள் வக்கீல் பாவெல்ஸ். எதிரே, வெளிநாட்டு சைக்கிள் ஏற்றுமதியாளர்களின் வக்கீல் ஹாடவிக். சண்டை போட்டுப் பிரிந்துபோன என் தம்பியின் மகள். ஐரோப்பிய வணிகச் சட்டத்தில் பேரெடுத்தவள். எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் உச்சரிப்பதில்லை.

அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கும் அந்த சைக்கிள்களுக்குக் கூடுதல் வரி போடச் சொல்லி நாங்கள் மனுக் கொடுத்திருந்தோம். வரி வராவிட்டால் ஆலையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று வன்னஸ் சொல்லியிருந்தான்.

ஹாடவிக் எழுந்தாள். "பாவம் பெரியப்பா, தாத்தா கட்டின ஆலை உங்க கையில நொடிச்சுப் போச்சாமே?"

"எவன்டி சொன்னது?"

"அப்பா, பேசாம இருங்க" என்று வன்னஸ் என் கையைப் பிடித்தான்.

"ஊரே சொல்லுது. கூலி குடுக்கக்கூட வழியில்லையாம். எங்கப்பா கேட்டுட்டுச் சிரிச்சாரு."

கையை உதறிவிட்டு எழுந்து நின்றேன்.

"போய் உங்கப்பன்கிட்ட சொல்லு. வெர்மாஸ் ஆலைக்கு ஒரு குறையும் இல்ல. எவன் சைக்கிள் வந்தாலும் எங்களுக்கு ஒரு காசு நஷ்டம் கிடையாது!"

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

"வேற கேள்வி இல்லைங்க" என்று ஹாடவிக் உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் பாவெல்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஐயா, நஷ்டப்பட்டவங்களைக் காப்பாத்தத்தான் அந்த வரியே."

ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. ஹாடவிக் வாதாடி எங்களைத் தோற்கடித்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் வாதாடவே இல்லை. நலம் விசாரித்தாள், அவ்வளவுதான்.