உறவு: நாட் குட்

“என்ன சார் இது? உறவுன்னு கேட்ட இடத்துல ‘நாட் குட்’னு எழுதி வெச்சிருக்கீங்க!”

ஆஸ்பத்திரியின் அட்மிஷன் மேஜையில் இருந்தவளுக்கு ‘ஃபாரம் அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினோரு வருடத்தில் அந்தக் கட்டத்துக்குள் மனைவி, மகன், மச்சான், பக்கத்து வீடு என்று எல்லாம் பார்த்திருக்கிறாள். ஒருவர் ‘கடவுள் விட்ட வழி’ என்றுகூட எழுதியிருந்தார். உறவுக்கு மார்க் போட்டவரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

எதிரே நின்ற பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சட்டைப்பையில் மூன்று பேனாக்கள்.

“கேட்டதுக்குத்தானேம்மா பதில்? ‘ரிலேஷன்ஷிப் வித் பேஷன்ட்’னு அச்சடிச்சிருக்கீங்க. ‘வித்’னா, பேஷன்ட்டோட எப்படிப் பழகறீங்கன்னு அர்த்தம். சரியில்லை. அதை எழுதினேன். பேஷன்ட்டுக்கு என்ன உறவுன்னு தெரியணும்னா ‘டு’ போட்டிருக்கணும்.”

“‘வித்’தோ ‘டு’வோ, எல்லாம் ஒண்ணுதான் சார்.”

“அப்படிச் சொல்லாதீங்க. முப்பத்தஞ்சு வருஷம் அச்சகத்துல இங்கிலீஷ் புத்தகங்களுக்குப் பிழை திருத்தினவன் நான். ‘ரீசன்’னா ‘ஃபார்’. ‘ஆன்சர்’னா ‘டு’. ‘இன்ட்ரஸ்ட்’னா ‘இன்’. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு ஜோடி உண்டும்மா. மாத்திக் கட்டி வெச்சா குடித்தனம் நடக்காது.”

ஃபாரம் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போயிற்று. நாளைக் காலையில் இதய ஆபரேஷன். நெருங்கிய சொந்தம் ஒருவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் பன்னிரண்டு மணிக்குள் மாடிக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. மறுபடி தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகும். ‘தள்ளிப்போடக் கூடாது’ என்று டாக்டர் இரண்டு முறை அடிக்கோடு போட்டு அனுப்பியிருந்தார். இப்போது மணி பதினொன்றேகால்.

“பேஷன்ட் வந்துட்டாரா?”

“இங்கேதான் இருக்கார்.”

சுவரோர நாற்காலிகளில் ஏழெட்டு வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் யாரோ ஒருவர் என்று விட்டுவிட்டாள்.

“நீங்க அவர் கூடப் பிறந்தவரா?”

“கூடவே பிறந்தவன்தான்.”

“தம்பியா? அப்ப ‘பிரதர்’னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. வேலை முடிஞ்சது.”

“என் கையெழுத்து செல்லாதும்மா. அந்த ஆளுக்கும் எனக்கும் ஒத்தே போகாது. சரியான பிடிவாதக்காரன்.”

“தனித்தனியா இருக்கீங்களா?”

“ஒரு நாள்கூடப் பிரிஞ்சதில்லை. கஷ்டமே அதுதான்.”

ஆபரேஷனுக்குப் போகிற மனிதர் மேல் இத்தனை கோபமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளை யாரும் இல்லையா?”

“மனைவி போய்ச் சேர்ந்துட்டா. ஒரே பொண்ணு.” பெரியவரின் குரல் இறங்கியது. “ஆறு வருஷம் முன்னாடி அவனுக்கு ஒரு லெட்டர் எழுதினா. ஒரு பையனைக் கட்டிக்கப் போறதா. நேர்ல சொல்லப் பயம். அப்பா சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்ல எழுதினா சந்தோஷப்படுவார்னு நெனச்சு, ‘மை மேரேஜ் வித்’னு ஆரம்பிச்சு பையன் பேரைப் போட்டிருந்தா.”

“சரி...”

“‘மேரேஜ்’னா ‘டு’தான் வரணும். இந்த மகாபுத்திசாலி என்ன பண்ணினான் தெரியுமா? ‘வித்’தைச் சுழிச்சு, மேலே ‘டு’ன்னு திருத்தி, அந்த லெட்டரையே திருப்பி அனுப்பிட்டான். வேற ஒரு வார்த்தை எழுதலை.”

“அடப்பாவி!” வாய் தவறி வந்துவிட்டது.

“அதைத்தான் நானும் தினம் சொல்றேன்.”

“அவருக்கும் இங்கிலீஷ் பைத்தியமா?”

“ரெண்டு பேரும் ஒரே அச்சகம்.”

“பொண்ணு மேல அவ்வளவு கோபமா அவருக்கு?”

“கோபமே இல்லைம்மா. சம்மதம்னு எழுத வெட்கம். திருத்தி அனுப்பினா சம்மதம்னு அவளே புரிஞ்சுக்குவான்னு நெனச்சிட்டான், முட்டாள். அவ கல்யாணத்துக்குக் கூப்பிடலை. இவனும் போகலை.”

ஃபாரம் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஃபோனைக் கையில் எடுத்தாள். “பொண்ணு நம்பர் தெரியுமா?”

எதையும் பார்க்காமல் பெரியவர் கடகடவென்று எண்ணைச் சொன்னார். “தினமும் போடுவான். மணி அடிக்கிறதுக்குள்ள வெச்சிடுவான்.”

மூன்றாவது மணியில் எடுத்தாள் மகள். விஷயத்தைச் சொன்னாள் ஃபாரம் அக்கா.

“அப்பா... என்னைக் கூப்பிடச் சொன்னாரா?”

“அவர் எங்கம்மா சொல்லப் போறார்? அந்த லெட்டரைத் திருத்தி அனுப்பினாரே, அது சம்மதம்னு சொல்லத்தானாம். வேற எப்படி எழுதறதுன்னு தெரியலையாம்.”

அழுகைச் சத்தம் கேட்டது. ஃபாரம் அக்காவின் கண்ணும் கலங்கியது. பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர் இங்கே அழுது பார்த்தவள்தான், ஆனாலும் இன்றைக்குத் தாங்கவில்லை.

“இதோ கிளம்பிட்டேன் மேடம். இருபது நிமிஷத்துல வந்து கையெழுத்துப் போடறேன். அவரை எங்கேயும் போக விட்டுடாதீங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: “இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“உங்க சித்தப்பாதான். எதிர்லயே நிக்கறாரே.”

“சித்தப்பாவா? எங்கப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை மேடம்.”

ஃபாரம் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நோயாளியின் கையில் கட்டுவதற்காக மேஜைமேல் வைத்திருந்த பெயர்ப்பட்டையை எடுத்து, பெரியவர் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.