முதல் சுவர்

மாமனார் வீட்டுப் பின்சுவரில் மாப்பிள்ளையே இடிக்கச் சொல்லிச் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டார்.

வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டுவிட்டது. அந்த ஓடைக்கரையில் இத்தனை பேர் சேர்ந்து நின்றது போன மழையின்போதுதான். அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

அதற்கு ஆவணத்தில் ஓடை என்று பெயர், பேச்சில் சாக்கடை, மழை வந்தால் மட்டும் ஆறு. கரையோர வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு சுவர், ஆளுக்கொரு குளியலறை என்று நகர்ந்து நகர்ந்து அதன் கழுத்தை நெரித்திருந்தார்கள். ஓடையை அகலப்படுத்திக் கரை கட்டி, தெருத் தண்ணீர் இறங்கப் பெரிய வடிகால் போடுவது திட்டம். மாதக் கடைசிக்குள் எல்லாரும் பின்பக்கத்தைக் காலி செய்யாவிட்டால் திட்டம் வேறு பகுதிக்குப் போய்விடும். அடுத்த மழையிலும் இடுப்பளவுதான்.

திட்டத்தின் பொறியாளர் இந்தத் தெருவிலேயே வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. தெருச் சங்கச் செயலாளருக்கு அது ஒன்று போதுமானதாக இருந்தது.

"பாத்துக்கிட்டே இருங்க. எங்க பக்கம் நேராப் போற எல்லைக் கோடு, மாமனார் வீட்டுப் பக்கம் மட்டும் வளைஞ்சு போகும்" என்று முன்பே சங்கக் கூட்டத்தில் சொல்லியிருந்தார். அவருடைய கார் கொட்டகை பாதி ஓடையில்தான் நின்றது. கார் இன்னும் வாங்கவில்லை.

இப்போது குறியைப் பார்த்து அவரே வாயடைத்து நின்றார்.

மாமனார் வாயடைக்கவில்லை. காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஹாரன் இல்லாமலே வழி வாங்கக்கூடிய குரல்.

"என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் சுவருக்கே குறி போடறீங்களா மாப்பிள்ளை?"

"சோறு வேற, அளவு வேற மாமா."

"அளவாம் அளவு. பொண்ணு கேட்டு வந்தன்னைக்கே இந்த டேப்பைக் கையில பாத்திருந்தா, வாசலோட அனுப்பியிருப்பேன்."

கூட்டம் சிரித்தது. மகள் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே கண்ணால் அடக்குகிறவளுக்கு இந்த இரண்டு பேரை அடக்க வழி தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நேர்ப்பேச்சு கிடையாது. தூது அவள்தான்.

"அவருகிட்டச் சொல்லும்மா, ஃபேனை நிறுத்தச் சொல்லு."

"உங்க அப்பாகிட்டச் சொல்லு, அதை நான் போடவே இல்லைன்னு."

இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு நாற்காலி. குரலோ நான்கு வீடு தாண்டியது. பின்ஜன்னலையாவது சாத்தலாம் என்று அவள் எழுந்தால், "திறந்தே இருக்கட்டும். நான் என்ன திருடிட்டா உக்காந்திருக்கேன்?" என்பார் அப்பா.

கணவனிடம் தனியாகக் கெஞ்சிப் பார்த்தாள்.

"கோட்டை ரெண்டடி தள்ளிப் போட்டா குடியா முழுகிடும்?"

"ஒரு வீட்டுக்கு நகர்ந்தா எல்லா வீட்டுக்கும் நகரணும். அப்புறம் குடி முழுகத்தான் செய்யும்."

"அது அப்பா தன் கையால கட்டின சுவருங்க. அதை இடிச்சா உங்க ரெண்டு பேருல ஒருத்தர்தான் இந்த வீட்ல இருப்பீங்க."

"ரெண்டு பேரும் இருப்போம். நீ தூங்கு."

அந்தத் தைரியம்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இடிக்கும் இயந்திரம் வந்த காலையில் அப்பா வாசலில் நாற்காலி போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சுவர் சரிந்த சத்தத்துக்குக்கூடத் திரும்பவில்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"சொந்த மாமனாரையே விடல. நம்மள விட்டுடுவாரா?" என்றாள் ஒருத்தி.

"மெஷின் வந்தா எல்லாம் தூளாயிடும். நாமளே பிரிச்சா கதவு, ஜன்னலாவது மிஞ்சும்" என்றார் அவள் வீட்டுக்காரர்.

அடுத்த நாளே தெரு முழுக்கக் கடப்பாரைச் சத்தம். வாரக் கடைசியில் பாக்கி நின்றது செயலாளரின் கொட்டகை ஒன்றுதான். அவரும், "திங்கக்கிழமை பிரிச்சுடறேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிறு மாலை இயந்திரம் ஓட்டுபவர் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பின்பக்கம் வந்தார். சொம்பை வாங்கிக்கொண்டு தயங்கினார்.

"அக்கா, ஒரு சந்தேகம். கரை கட்டறதுக்கு இன்னைக்குக் கயிறு பிடிச்சோம். எல்லை அந்தா, அந்த மரத்துக்கும் அந்தப் பக்கம் போகுது. இந்த இடத்துல ஓடையே வளைஞ்சுதான் போகுது. உங்க சுவர் திட்டத்துல வரவே இல்ல. தெரியாம இடிச்சிட்டோமா?"

அவள் வீட்டுக்குள் ஓடினாள்.

பின்ஜன்னல் முதல் தடவையாகச் சாத்தியிருந்தது. உள்ளே அப்பா தன் டம்ளரிலிருந்த டீயில் பாதியை மாப்பிள்ளையின் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். "அந்த டேப் வசனம் கொஞ்சம் ஓவரோ மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கணவனை முறைத்தாள்.

"என்னைப் பாக்காதே. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். குறி போடச் சொன்னதே உங்க அப்பாதான்."

"பின்ன என்னம்மா? கோடு நியாயமாத்தான் வளையுதுன்னு இவரு வரைபடத்தை விரிச்சுக் காட்டினா ஒருத்தராவது நம்புவாங்களா? சுவர் போனா கட்டிக்கலாம்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"உன் முகத்துல எதையும் மறைக்க முடியாதே" என்றார் கணவர்.

"அப்போ நம்ம சுவரைச் சும்மாவே..." என்று அவள் குரலை உயர்த்தினாள்.

அப்பா பதறிப்போய் ஜன்னல் கொக்கியை இழுத்து மாட்டினார்.

"மெதுவாப் பேசும்மா. செயலாளர் கொட்டகை இன்னும் நிக்குது."